கடைக் கணினிக்கு நினைவகம் கூட்டுவது எப்படி?

கூட்டம் நிற்கும் மாலை வேளையில் பில் போடும் கணினி திணறினால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உடனே புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. நினைவகம், அதாவது ராம், போதுமா என்று முதலில் பார்ப்போம்.

ராம் என்பது கல்லா முன்னுள்ள மேசை. ஹார்டு டிஸ்க் என்பது கிடங்கு. மேசை சிறிதானால் ஒவ்வொரு சாமானுக்கும் கிடங்குக்கு ஓட வேண்டும். கணினியும் அப்படித்தான் ஓடிக் களைக்கிறது.

சோதனை: வேலை மும்முரமாக நடக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைப் பாருங்கள். எப்போதும் 85, 90 சதவீதம் நிரம்பியிருந்தால் ராம் கூட்டலாம். பாதிகூட நிரம்பவில்லையென்றால் கோளாறு வேறிடத்தில். ராம் வாங்குவது வீண் செலவு.

வாங்கும் முன்: விண்டோஸ் 32 பிட் வகையானால் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படாது. பழைய ராமின் சீட்டில் பி.சி.3 என்றிருந்தால் டி.டி.ஆர்.3, பி.சி.4 என்றிருந்தால் டி.டி.ஆர்.4. முன்னதற்கு 240 முனைகள், பின்னதற்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும்.

பெட்டியைத் திறக்கும் முன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுப் படிவத்தின் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்கும் கடமை நமக்குண்டு. ராம் போனால் வாங்கலாம். கணக்கு போனால் வாங்க முடியாது.

மாட்டும் முறை:
1. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்துங்கள்.
2. பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள்.
3. ராமை ஓரத்தில் மட்டும் பிடித்து, பள்ளத்தைப் பொருத்தி, கொக்கி 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். பொருந்தாவிட்டால் பலவந்தம் வேண்டாம்.
4. திரை வராவிட்டால், மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பாருங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ராம் வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. 8 ஜி.பி. போட்டு ஓட்டினாலும், அதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

ராம் வாங்கும்போது பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குவோம். பில் கொடுத்து விற்கும் நாம், பில் இல்லாமல் வாங்கலாமா?