மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கையில் வைத்து விளையாடும் கேமிங் கணினி ஒன்றை கோவையில் ஒரு கடையில் 70 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஓராண்டு வாரண்டியில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. உள்ளே இருந்தது 512 ஜிபி எஸ்எஸ்டி. நாலைந்து பெரிய கேம்களை ஏற்றியதுமே இடம் நிரம்பிவிட்டது. முதலில் ஆன்லைனில் 899 ரூபாய்க்கு 1 டிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டேன். கணினி 1 டிபி என்றுதான் காட்டியது. ஆனால் 60 ஜிபி தாண்டியதும் ஏற்றிய கேம் எதுவும் திறக்கவில்லை. விற்றவர் பதிலே போடுவதில்லை. அதன் பிறகு யூடியூப் பார்த்து நானே பின்மூடியைக் கழற்றி, 1 டிபி எஸ்எஸ்டி மாற்றினேன். நான்கு மாதம் அருமையாக ஓடியது. இப்போது இடது ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் தானாக நடக்கிறான். சர்வீஸ் சென்டரில், “ஸ்க்ரூ மேல் இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரண்டி கிடையாது, 14 ஆயிரம் ஆகும்” என்கிறார்கள். பழைய எஸ்எஸ்டியைத் திரும்பப் போட்டு, வேறு ஊர் சென்டரில் “நான் திறக்கவே இல்லை” என்று கொடுத்துவிடு என்கிறான் நண்பன். வழக்குப் போட்டால் நிற்குமா?

- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வழக்கு நிற்கும். ஆனால் நண்பர் சொன்னபடி செய்தால் நிற்காது. முதல் சென்டரில் கருவியைக் கொடுத்தபோதே அதன் சீரியல் எண்ணோடு “ஸ்டிக்கர் கிழிந்துள்ளது” என்று ஜாப் ஷீட்டில் ஏற்றியிருப்பார்கள். அடுத்த ஊரில் அதே எண்ணைத் தட்டினால் அதே குறிப்பு வந்து நிற்கும். இன்று உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. “திறக்கவே இல்லை” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்த நிமிடம் அந்த வாதம் போய்விடும். நிவாரணம் கேட்டு வருகிறவர் தூய கரங்களோடு வர வேண்டும் என்பதை எந்த நீதிமன்றமும் விட்டுக்கொடுப்பதில்லை. பழைய எஸ்எஸ்டியை மாட்டிக் கொடுப்பதில் மட்டும் தவறு ஒன்றும் இல்லை. உங்கள் கோப்புகளின் பாதுகாப்புக்கு அது நல்லதும்கூட. மாட்டினேன் என்று எழுத்தில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். வாரண்டி என்பது ஓர் ஒப்பந்தம். “அங்கீகரிக்கப்படாதவர் திறந்தால் செல்லாது” என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அதைப் படித்துப் பார்க்காமல் வாங்கினேன் என்று நீங்கள் தப்பிக்க முடியாது. இங்குதான் பலரும் நம்பிக்கை இழந்து திரும்பிவிடுகிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு. நீங்கள் திறந்ததற்கும், இன்று கெட்டுப்போன பாகத்துக்கும் தொடர்பு என்ன?

ஜாய்ஸ்டிக் தானாக நகர்வதை ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். வழக்கமான ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு தடத்தின்மேல் ஒரு சிறு தொடுமுனை உராய்ந்துகொண்டே இருக்கும். ஓட ஓட அந்தத் தடம் தேயும், தூசி சேரும், நடுவில் நிற்கும்போதும் தவறான அளவு போகும். இது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிகளில் இதே கோளாறு வந்து, ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் புகார் கொடுத்து, 2023-இல் வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அந்த நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. அங்கே யாரும் எஸ்எஸ்டி மாற்றவில்லை. உங்கள் கருவியில் எஸ்எஸ்டி ஓர் இடத்தில், ஜாய்ஸ்டிக் வேறோர் இடத்தில், தனித் தொகுதியாக இருக்கிறது என்றால், ஒன்றை மாற்றியது மற்றொன்றை எப்படித் தேய்த்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். பழுது இருக்கிறது, அது வாரண்டிக் காலத்தில் வந்தது என்ற இரண்டையும் நீங்கள் காட்டினால் போதும். “இவர் செய்ததால்தான் வந்தது” என்று விலக்குக் கேட்பவர், அதை மெய்ப்பிக்க வேண்டும்.

இதற்கு இந்தியாவில் ஆதாரம் உண்டா என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். உண்டு, கார் உலகிலிருந்து. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஷம்ஷேர் கட்டாரியா தொடுத்த வழக்கில், 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அந்த உத்தரவில் நமக்கு வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியில் நடந்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம். மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு அது. பிறந்ததும் போட்டிச் சட்டத்தில். ஆகவே நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்தில் தாராளமாக வைக்கலாம், வைத்தால் கேட்பார்கள். அமெரிக்காவில் 1975-இன் மாக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. ‘ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்பது போன்ற நிபந்தனைகளுக்காக அங்கே ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-இல் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ, ஏசூஸ் உள்ளிட்ட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது, ஆனால் அது சட்டம் ஆகாது. யூடியூபில் யாராவது “இந்தியாவில் ஸ்டிக்கர் ஒட்டுவதே சட்டவிரோதம்” என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அது அமெரிக்கக் கதை.

எந்தச் சட்டத்தின் கீழ் போவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பலர் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். “இந்த வாரண்டி நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்க வேண்டும்” என்று மாவட்ட ஆணையத்தில் கேட்கிறார்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்று 2(46)-ஆம் பிரிவு சொல்கிறது, வாஸ்தவம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் இருக்கிறது. 14 ஆயிரம் ரூபாய் ரிப்பேருக்காக நீங்கள் சென்னை வரை அலைய வேண்டாம். மாவட்ட ஆணையத்திலேயே, “பழுதுக்கும் நான் மூடியைத் திறந்ததற்கும் தொடர்பு காட்டாமல் வாரண்டியை மறுத்தது சேவைக் குறைபாடு” என்று கேளுங்கள். இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இவ்வளவு போதும். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதினால் உண்மையான கோரிக்கையும் சேர்ந்து மதிப்பிழக்கும்.

கோவையில் வாங்கியதால் கோவையில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை பார்க்கும் இடத்தில் உள்ள மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். 34-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. (இதை எழுதுவதால் என் சக வழக்கறிஞர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.) விற்ற கடை, தயாரித்த நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

சாட்சியம்தான் இந்த வழக்கின் உயிர். சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு வராதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் ஷீட்டில் ‘சிஐடி’ என்று மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். போலீஸ் இல்லை, ‘கஸ்டமர் இன்ட்யூஸ்டு டேமேஜ்’. வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம் என்று அர்த்தம். அதன் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் “இதை நான் ஏற்கவில்லை” என்று தமிழிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பழுதின் காரணம் என்ன, மூடியைத் திறந்ததால் எந்தப் பாகம் சேதமானது, வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவதுக்கு மட்டும் பதில் வரும். முதல் இரண்டுக்கும் பதில் வராததே உங்களுக்குச் சாதகம். எஸ்எஸ்டி வாங்கிய பில், மாற்றிய பிறகு நான்கு மாதம் ஓடியதற்கான கேம் பதிவுகள், ஆள் தானாக நடக்கும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மின்னணு ஆதாரங்களோடு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றையும் இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆன்லைனில் ஜாய்ஸ்டிக் பாகம் கிடைக்கிறதே என்று நீங்களே மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் பழுதே இல்லாமல் போய்விடும், வழக்கு எதை வைத்து நிற்பது? பழுதை ஆராயாமல் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் எஸ்எஸ்டியை மாற்றினீர்களா? இழுக்கும்போது ரிப்பன் கேபிள் ஏதாவது மடங்கியதா? ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கிறதா? ஜாய்ஸ்டிக் தொகுதியிலிருந்து வரும் கேபிளில் கீறல் இருந்தால் என் வாதம் முழுவதும் சரிந்துவிடும். அந்த நிலையில் நிறுவனம் மறுத்தது சரிதான் என்பேன். இத்தகைய கருவிகளில் 2230 என்ற சிறிய அளவு எஸ்எஸ்டி பரவலாக இருக்கிறது. அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். சிலவற்றில் பெரிய அளவும் ஏறும். அளவு மாறியதை அமுக்கிப் பொருத்தியிருந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. இதே வகைக் கருவியான ஸ்டீம் டெக்கைச் செய்யும் வால்வ் நிறுவனமே 2021-இல் கருவியைப் பிரித்துக் காட்டி ஒரு காணொளி வெளியிட்டது. செய்யாமலிருப்பது நல்லது என்று எச்சரித்துவிட்டு, ஆனாலும் அது உங்கள் கணினி, திறக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்றார்கள். உரிமை உண்டு, சேதம் வந்தால் அதன் செலவும் உங்களுடையது. இன்னொரு விஷயம்: பழுதுக்கான வழக்கு வேறு, காயத்துக்கான வழக்கு வேறு. திறந்து மாற்றிய கருவியால் பின்னால் யாருக்காவது தீக்காயம் ஏற்பட்டால், பொருள் மாற்றப்பட்டிருந்தது என்று காட்டி விற்பனையாளர் 87-ஆம் பிரிவின் கீழ் தப்பிவிடலாம். பேட்டரி உப்பியது போலத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இனி அந்த 899 ரூபாய் மெமரி கார்டு. அது போலி. சிறிய கொள்ளளவுள்ள கார்டின் உள்மென்பொருளை மாற்றி, 1 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும், அல்லது பழையதன் மேல் ஏறும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்து, உண்மைக் கொள்ளளவு தெரியும் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு 1 டிபி கிடைக்காது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிடுவார்கள். மலிவாக விற்றார் என்பது ஏமாற்றுவதற்கான உரிமம் ஆகாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2(47)-ஆம் பிரிவுப்படி முறையற்ற வணிக நடைமுறை. மின்வணிக விதிகள், 2020-இன்படி, ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்றவர் ஓடிவிட்டார் என்றால் அவரை விட்டு, தளத்தின் அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்தத் தொகைக்கு அதுவே போதும். கார்டையும் கணினியையும் ஒரே மனுவில் சேர்க்க வேண்டாம்; எதிர்தரப்பும் வேறு, காரணமும் வேறு.

கடைசியாக, கேமிங்கை யூடியூபில் ஒளிபரப்பிச் சம்பாதிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சம்பாதித்தாலும் அது உங்கள் சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். ஆள் வைத்து நடத்தும் வணிகம் என்றால் நுகர்வோர் ஆணையம் உங்கள் மனுவை ஏற்காது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

வாரண்டி முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அதற்குள் எழுத்துப்பூர்வமான புகார் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நிறுவனம் எழுத்தில் மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.