ஏரல் தெருக்களைப் படம் பிடிக்கும் தம்பிக்கு



கடை வேலை ஒழிந்த நேரங்களில், எவருடைய ஏவலும் ஊதியமும் இன்றி, அபிமானம் ஒன்றினாலேயே கட்டடங்களையும் வீதிகளையும் படம் பிடித்து வருகிறாய் என்பதையும், மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ நினைத்தபோது போக வசதியில்லாத, தாமிரபரணிக் கரை ஏரல்வாசி ஒருவனுக்கு இந்தக் கலையில் என்ன மிஞ்சும் என்ற சந்தேகம் உன்னை வாட்டுவதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். நீ குறையென்று எண்ணும் அதனையே நான் உன் கைமுதல் என்று கருதுகிறேன்.

ஏனென்று விளங்க ஒரு பழைய கதையைக் கேள். 1856-ல் சென்னை ராஜதானி அரசாங்கம் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மெழுகு பூசிய காகித நெகடிவ்களோடு மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றித் தஞ்சாவூரை அடைந்த அம்மனிதர், பெரிய கோயிலின் விமானத்தைக் கம்பீரமாக எடுத்ததோடு திருப்தியடையாமல், அதன் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்து, 21 படங்களை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். விமானத்தின் அழகு எவரையும் நிறுத்திவிடும். அதன் காலடியில் குனிந்து கல்லோடு கல்லாக நகர்ந்த அந்தப் பொறுமையில்தான் ட்ரைப்பின் மேதை விளங்குகிறது என்பது என் தீர்மானம். ஆயினும் 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் புகைப்பட வேலையை ஆடம்பரச் செலவென்று கருதியதால், ட்ரைப்பின் பணி விரைவில் நின்றுபோயிற்று. உன் பணியை நிறுத்தும் அதிகாரம் எந்தக் கவர்னருக்கும் கிடையாது. ஒரே வீதிக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பச் செல்லும் பாக்கியம் உனக்கு வாய்த்திருக்கிறது.

அந்தப் பாக்கியத்தின் அருமையை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அனுபவித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு ஏரலுக்குள் புகுந்து, ஆற்றுப் பாலத்தையும் கடைத்தெருவையும் சிதைத்துப் போனபோது, வெளியூரிலிருந்து வந்த காமிராக்கள் வெள்ளத்தை ஆயிரக்கணக்கில் எடுத்துச் சென்றன. ஆனால் வெள்ளத்திற்கு முந்தைய ஒரு சாதாரணக் காலையில் அந்தக் கடைத்தெரு எவ்விதம் இருந்தது, எந்தக் கடைக்கு மரப்பலகைக் கதவு, எந்தத் திண்ணைக்கு ஓட்டுச் சார்ப்பு என்று கேட்டால், எடுத்துக் காட்டத்தக்க படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஏரலுக்கு அருகிலேயே கொற்கை இருக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக விளங்கிய அந்த ஊரைக் கடல் விட்டு விலகிப் போயிற்று. அதன் தெருவொன்றின் ரூபத்தை இன்று நமக்குக் காட்ட எவராலும் இயலாது. ஏரல் சுவர்களில் வெள்ளத்தின் சேற்றுநீர் விட்டுச் சென்ற கோடு இன்னும் எங்கேனும் வெள்ளையடிக்கப்படாமல் இருக்குமானால், வேறெந்த வேலைக்கும் முன்னதாக அதை எடுத்துவிடு.

தொழில் நுட்பத்தில் இரண்டு விஷயங்களைச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. உயரமான கட்டடத்தைக் கண்டதும் காமிராவை அண்ணாந்து பிடிப்பதால்தான் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்து விழுவதுபோல் படத்தில் தோன்றுகின்றன. கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து நேராக எழுப்பிய சுவரை நாம் கோணலாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி. ஆகையால் பின்னுக்கு நகர்ந்தோ, எதிர்வீட்டு மொட்டைமாடியில் இடம் கேட்டு ஏறியோ, காமிராவைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, கீழே மிகுந்து விழும் சாலையைப் பிற்பாடு வெட்டிவிடு. இதற்கென்று விற்கப்படும் விலையுயர்ந்த லென்சுகளைப் பற்றி நீ இப்போது யோசிக்க வேண்டாம்.

மற்றது சூரியன். ஏரல் பூமத்தியரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையை ஒட்டி இருப்பதால், சித்திரை பிறந்தது முதல் ஏறக்குறைய ஆவணி நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். வடக்கு பார்த்த வாசல்களின் தூண்களும் சுதை வேலைகளும் நண்பகல் வெயில் காண்பது அக்காலத்தில்தான். எஞ்சிய மாதங்களில் நண்பகல் வெயில் தெற்குச் சுவருக்கு உரியது. சித்திரையிலும் ஐப்பசியிலும் ஆறாம் தேதிகளில் பெருமாள் திருமேனியில் கதிர்கள் விழுவதைத் தரிசிக்க ஸ்ரீவைகுண்டத்தில் ஜனங்கள் கூடுகிறார்களே, நம் ஸ்தபதிகள் அறிந்திருந்த அந்தச் சாஸ்திரத்தில் ஒரு சிறு அம்சத்தையாவது காமிரா பிடிப்பவனும் அறிந்திருக்க வேண்டாமா? மாலை வானத்தைக் கணினியில் ரத்தச் சிவப்பாக்கும் மோகமும், மின்கம்பிகளை அழித்துவிட்டு வீதியைப் புனிதமாக்கும் மோகமும் உன்னை அணுகாதிருக்கட்டும். அந்தக் கம்பிகளும் நம் காலத்தின் சாசனமே.

சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசை ஜனசமுத்திரத்தை நீ எடுத்திருப்பது நன்றாக இருக்கிறது. அதே இடத்தில், அதே உயரத்தில் காமிராவை வைத்து, திருவிழா இல்லாத ஒரு நாளிலும் எடு. கட்டடத்தின் அளவையும் நிழலையும் அன்றுதான் ஊன்றிப் பார்க்க முடியும். திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சியை எடுக்க விரும்பினால் முதலில் போய்ப் பேசு. அவர் வேண்டாமென்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. கோயில்களிலும் துறைமுகங்களிலும் தடை விதித்திருக்கும் இடங்களில் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கைபேசிக்குள் அடைத்து வைக்காதே. தேர்ந்த படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் தெரு, வாசல் பார்க்கும் திசை, தேதி, நேரம், அந்த வீட்டைக் கட்டியவரைப் பற்றி வீட்டார் சொன்ன செய்தி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வை. வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி கொடு. அடுத்த கடிதத்தோடு கடைத்தெருவின் வடக்கு பார்த்த கடைகளை, ஒன்று விடாமல், வரிசையாக எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் நலம் நாடும் அண்ணன்