அச்சமும் நாடியும்

சில ஆண்டுகளுக்கு முன், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், மடவளையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவன் ஒருவன் பாடத்தின் நடுவே நெஞ்சைப் பற்றிக்கொண்டு எழுந்தான். "சேர், நெஞ்சு அடைக்குதுங்க, செத்துருவேன் போல இருக்கு" என்றான். முகம் வெளிறியிருந்தது; உள்ளங்கை நனைந்திருந்தது. வைத்தியரிடம் கொண்டுசென்றோம். இதய மின்வரைபு எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டனர். மறுவாரமும் அவ்வாறே நிகழவே யான் பொறுமை இழந்து, "படியாமைக்கு இஃதொரு சாட்டு" எனக் கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. மூன்று நாள் பாடசாலைக்கு வரவும் இல்லை. அந்த மூன்று நாளும் என் மனத்தை உறுத்தியதனாலே தேடிப் படித்தவற்றை இவ்விழா மலரில் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு பாடமாகத் தருகின்றேன். யான் தமிழாசிரியன், வைத்தியம் கற்றவன் அல்லேன். படிப்போர் அதனை மனத்திற் கொள்க.

தமிழாசிரியன் ஆகலின் தொல்காப்பியத்திலிருந்தே தொடங்குகின்றேன். பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்துணர்ச்சி உடம்பின்மேல் வெளிப்படுதலே மெய்ப்பாடு. அவ்வெட்டனுள் அச்சமும் ஒன்று. தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தலைவன் என நான்கு அதற்கு நிலைக்களனாகக் கூறப்படும். இக்காலத்து மாணவரைக் கேட்டால் பரீட்சையை ஐந்தாவதாகச் சேர்ப்பர். இவ்வியலைப் பன்முறை கற்பித்திருந்தும், கண்முன் நின்ற மெய்ப்பாட்டினை யான் பொய்ப்பாடு என்று கொண்டேனே!

அச்சம் தோன்றும்போது உடலில் நிகழ்வன யாவை? ஆவட் பல்கலைக்கழகத்து வால்டர் கனன் என்பார் 1915இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். அபாயம் நேர்ந்தவிடத்து உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாகின்றது. பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் விடுகின்றன. இதயம் விரைகின்றது. குருதி குடலை விட்டுத் தசைகளுக்குச் செல்கின்றது. வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். உமிழ்நீர் குறைகின்றது, நா வரளுகின்றது. தசைகள் முறுகிக் கைகால் உதறுகின்றன. மூச்சு மிகுதியாக வாங்குவதால் குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்குமேல் வெளியேற, மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகின்றது. உதடும் விரல்நுனியும் விறுவிறுக்கின்றன. அம்மாணவன் கூறிய குறிகளுள் இவற்றில் அடங்காதது ஒன்றேனும் இல்லை. புலி வந்திருப்பின் இவையெல்லாம் அவனைக் காத்திருக்கும். வந்ததோ வினாத்தாள்; ஓடவும் வழியில்லை, அடிக்கவும் ஆளில்லை.

இக்குழப்பம் புதிதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடத்து மூச்சிரைத்து வந்த போர்வீரர் பலரை யாக்கோபு டா கொஸ்தா என்னும் வைத்தியர் ஆராய்ந்து 1871இல் எழுதினார். முதலாம் உலகப் போரில் தோமஸ் லூயிஸ் அதே நிலையைப் 'போர்வீரர் இதயம்' என்னும் பெயரால் ஆராய்ந்தார். இதயத்திலேயே குற்றம் தேடினோர் பலர். 1941இல் போல் வுட் என்னும் இதய வைத்தியர், இக்குறிகள் உடலுழைப்பின் குறிகளைக் காட்டிலும் அச்சத்தின் குறிகளையே பெரிதும் ஒத்தன என்று நிறுவினார். இவர் 1907இல் நீலகிரியிலுள்ள குன்னூரிற் பிறந்தவர். மலைநாட்டார் நமக்கு அது சற்று மகிழ்ச்சி தரும் செய்தியே.

இனி நாடிக்கு வருவோம். இதனை வாசிப்போர் மலரைச் சற்றே மடிமேல் வைத்துவிட்டு, இடக்கை மணிக்கட்டில் பெருவிரலின் அடிப்பக்கத்தே வலக்கையின் மூன்று விரல்களை மெல்ல வைக்க. சித்த வைத்தியர் வாத பித்த கபம் பார்க்க விரல் வைக்கும் இடமும் அதுவே. ஆறுதலாக மூச்சை உள்ளே இழுக்க. பின்னர் இன்னும் ஆறுதலாக வெளியே விடுக. இழுக்கும்போது துடிப்பு சிறிது விரைவதும் விடும்போது தளர்வதும் பலர்க்குப் புலனாகும். இளையோர்க்கு நன்கு தெரியும். அஞ்சற்க. இது நலமுள்ள இதயத்தின் இயல்பு. செருமானிய உடற்றொழிலியல் அறிஞர் காள் லூட்விக், தாம் அமைத்த பதிகருவியினால் 1847இலேயே இதனைக் குறித்துள்ளார்.

இதன் காரணம் நுட்பமானது. இதயத்தின் வலச் சோணையறையில் உள்ள ஒரு சிறு கணுவே துடிப்பைத் தொடக்குகின்றது. நரம்புகள் தீண்டாதவிடத்து அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். நாம் அமர்ந்திருக்கையில் நாடி எழுபதளவில் நிற்பதற்குக் காரணம், மூளையடியிலிருந்து இறங்கும் அலையும் நரம்பு, வேகசு எனப்படுவது, ஓயாது கடிவாளம் பிடித்திருப்பதே. மூச்சை இழுக்குந்தோறும் அது பிடியைச் சற்றுத் தளர்த்துகின்றது; விடுந்தோறும் இறுக்குகின்றது. அதன் ஆணை ஒரு செக்கனுக்குள் இதயத்தை எட்டும். பரிவு நரம்பின் ஆணைக்கோ பல செக்கன் ஆகும். பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்திய இதயத்தில் இந்நரம்புகள் அறுபட்டிருத்தலின், அது இளைப்பாறும்போதும் விரைவாகவும் ஏறக்குறைய மணிக்கூடு போல ஒரே சீராகவும் துடிக்கும்.

ஆகவே நாடி நிமிடத்துக்கு 60 என்றால் துடிப்புகளுக்கிடையே சரியாக ஒவ்வொரு செக்கன் என்று கொள்ளல் தவறு. ஓரிடைவெளி 940 மில்லிசெக்கனாகவும் அடுத்தது 1060 மில்லிசெக்கனாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டினை மின்வரைபிலிருந்து அளந்து கணிப்பதே இதயத்துடிப்பு மாறுபாட்டுச் சோதனை. 1963இல் ஹொன், லீ என்போர், கருவிலுள்ள குழந்தை இடருறும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுமுன்னரே இடைவெளிகளின் மாறுபாடு வேறுபடுதலைக் கண்டனர். 1987இல் மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, மாறுபாடு மிகக் குறைந்தோரின் இறப்பு நேர்வு, மிகுந்தோரைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் சங்கங்கள் கூடி அளவை முறைகளை வகுத்தன. ஐந்து நிமிடப் பதிவு, 24 மணிநேரப் பதிவு என இரண்டு வழக்கில் உள்ளன.

பதகளிப்பு நோயுள்ளோரிடம் இம்மாறுபாடு பொதுவாகக் குறைந்திருத்தலை, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டியுள்ளது. கடிவாளம் தளர்ந்திருக்கின்றது என்பது பொருள். ஆயினும் இதனால் ஒருவர்க்குப் பதகளிப்பு உண்டு, இல்லை என்று தீர்ப்புக் கூறல் இயலாது. முதுமை, காய்ச்சல், உறக்கமின்மை, மருந்துகள் யாவும் இவ்வெண்ணைக் குறைக்கும். இக்காலத்தில் வெளிநாட்டிலுள்ள அண்ணன்மார் அனுப்பும் கைக்கடிகாரங்கள் தோலினூடே ஒளி பாய்ச்சி இம்மாறுபாட்டைக் கணித்துக் காலைதோறும் ஓர் எண் காட்டுகின்றன. பிறர் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட்டு, குறைந்தது கண்டு அஞ்சி, அவ்வச்சத்தால் மேலும் குறையக் காண்போரை யான் அறிவேன். ஒப்பிடுவதாயின் தம்முடைய முந்திய வாரங்களோடு ஒப்பிடுக. பரீட்சைக் காலத்தில் அதனைக் கழற்றி வைத்தலே நன்று.

இதயத்தை நம் விருப்பப்படி ஆளலாமோ? 1957இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர், நாடியை நிறுத்தவல்லோர் எனப் பெயர்பெற்ற யோகியரை இந்தியாவிற் சோதித்தனர். சென்னையில் வாழ்ந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் சோதிக்கப்பட்டோருள் ஒருவர். 1961இல் வெளிவந்த முடிபு இது: மணிக்கட்டில் நாடி மறைந்தபோதும் மின்வரைபில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியதனால் குருதியோட்டம் குன்றி நாடி கைக்கு எட்டாதாயிற்று. நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் முழங்குவோர்க்கு இது சுவையாதெனினும், எனக்கு இதில் பெரும்பயன் உண்டு. இதயத்துக்கு நேர்வழி இல்லை. மூச்சின் வழியே செல்லலாம் என்பது தெளிவாகின்றது.

2001இல் இத்தாலியில் பெர்னார்டி முதலானோர், கத்தோலிக்கர் செபமாலை சொல்லும்போதும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தை உருவேற்றும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தாழ்ந்து, இதயத்தின் அலைவும் அதனோடு இசைதலை அளந்து காட்டினர். கோயில் மணியும் விகாரையின் பிரித்தும் பள்ளிவாசற் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் கண்டிச் சூழலில் வாழும் நமக்கு இது வியப்பன்று. மந்திரம் வேண்டாதார் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுக. அடக்கி வைத்தல் வேண்டா. ஐந்து நிமிடம் போதும். ஆனால் பரீட்சை மண்டப வாயிலில் முதன்முறை முயல்வது, ஆற்றில் விழுந்தபின் நீந்தப் பழகுவது போலாம். மாதக்கணக்கில் முன்னரே பழகுக.

ஒன்றை வற்புறுத்துவேன். மேடு ஏறும்போது நெஞ்சு வலித்து நின்றால் தணிதல், மயங்கி விழுதல், மூச்சோடு தொடர்பின்றி நாடி தாறுமாறாதல் ஆகியவற்றை அச்சத்தின் மேல் ஏற்றிவிடாது வைத்தியரை நாடுக. நேரம் கடத்தவியலாதபோது சுவசெரிய நோயாளர் காவு வண்டிக்கு 1990ஐ அழைக்க. உள்ளத்துன்பம் மிகுந்தோர்க்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் உண்டு.

நான்காம் நாள் அம்மாணவனின் வீடு தேடி மடவளைக்குச் சென்றேன். "உனக்கு நேர்வது மெய்யே, நான் சொன்னது பிழை" என்றேன். அவனுடைய தாயார் தேநீர் கொணர்ந்து வைத்துவிட்டு அருகில் அமர்ந்தார். மூவரும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினோம். பின்னர் நாள்தோறும் பேருந்திலே பழகினானாம். பரீட்சையன்றும் நெஞ்சு படபடத்தது என்றே சொன்னான். படபடப்போடு உள்ளே போய் மூன்று மணிநேரமும் இருந்து எழுதிவிட்டு வந்தான்.