பாடம் 7: தனியே ஆடப் பழக்கும் பொறி

டென்னிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டம், இருவரேனும் கூடினால்தான் நிகழும். பந்தை அடிக்க ஒருவர். அதைத் திருப்பி அனுப்ப மற்றொருவர். துணைக்கு ஆள் இல்லாதபோது பயிற்சி செய்வது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டு வீரர் ரெனே லாகோஸ்ட்.

1904ஆம் ஆண்டு பிறந்த லாகோஸ்ட், விம்பிள்டன் போட்டியில் 1925, 1928 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடினார். ஓர் அடியை நூறு முறை பழக வேண்டுமாயின், நூறு முறையும் பந்து ஒரே வகையில் வந்து விழ வேண்டும். மனிதக் கைக்கு அஃது அரிது. ஆதலால் 1920களில் பந்தெறியும் பொறி ஒன்றை அவர் உருவாக்கினார். அது கையால் சுழற்றி இயக்கப்பட்டது.

இன்றைய பொறிகள் மின்னாற்றலால் இயங்குகின்றன. மேலே உள்ள கூடையிலிருந்து பந்துகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சக்கரங்கள் பந்தைக் கவ்வி வெளியே வீசுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால், பந்து சுழலாமல் செல்லும். மேற்சக்கரம் விரைந்து சுழன்றால், பந்து முன்னோக்கிச் சுழன்று, வலையைக் கடந்ததும் சட்டெனத் தாழும். கீழ்ச்சக்கரம் விரைந்து சுழன்றால், பந்து பின்னோக்கிச் சுழன்று மிதந்து செல்லும்.

பொறி களைப்படையாது, சலிப்பும் அடையாது. ஆயினும் அதற்குத் தோளும் இல்லை, கண்ணும் இல்லை. எதிராளியின் தோள் திரும்பும் விதத்தைக் கண்டு பந்தின் போக்கை முன்னுணரும் திறனை அதனால் கற்பிக்க இயலாது. நம் அடிக்கேற்ப அது தன் அடியை மாற்றுவதும் இல்லை.

நாகர்கோவிலில் 1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டத்தைப் பயிற்றுவித்தவர் அவருடைய தந்தையார் டி.கே. இராமநாதன். கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அங்கு அரையிறுதி வரை முன்னேறினார். அவர் மகன் இரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். ஆட்டக் கலை அக்குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது.

பொறி வாங்க இயலாதோர்க்குச் சுவரே துணை. குடுபல்லி போன்ற சிற்றூரிலும் ஒரு நல்ல சுவர் கிடைக்கும். அடித்த விசைக்கேற்பப் பந்து திரும்பி வரும். தனிமையில் கை பழகும். துணையோடு ஆடும்போதே அறிவு பழகும். இரண்டும் வேண்டும்.

சொற்பொருள்
பொறி – இயந்திரம்
வாகை சூடினார் – வெற்றி பெற்றார்
விசை – வேகம் தரும் ஆற்றல்
முன்னுணர்தல் – நிகழுமுன் அறிதல்

பிரித்து எழுதுக
1. இவ்வினா 2. பந்தெறியும் 3. மேற்சக்கரம்

விடை எழுதுக
1. லாகோஸ்ட் பொறியை உருவாக்கிய காரணம் யாது?
2. கீழ்ச்சக்கரம் விரைந்து சுழன்றால் பந்து எவ்வாறு செல்லும்?
3. பொறியால் கற்பிக்க இயலாத திறன் எது? ஏன்?
4. பொறிக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைக் கூறுக.

செயல்பாடு
தமிழ் எழுத்துகளைத் தனியே எழுதிப் பழகலாம். தமிழ் உரையாடலைத் தனியே பழக இயலுமா? இன்று வீட்டில் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோருடன் பத்து நிமிடம் தமிழிலேயே உரையாடுக. நீ எதிர்பாராத மறுமொழி ஒன்றை ஏட்டில் எழுதி வருக.