வேடமும் தன்மதிப்பும்: பள்ளி மேடையின் பணி

சுதந்திர தின விழாவில் காந்தியடிகளாகவும் ஜான்சி ராணியாகவும் வேடம் பூண்ட குழந்தைகளைக் காணாத பள்ளி நம் நாட்டில் அரிது. மாறுவேடப் போட்டி என்ற பெயரில் நடைபெறும் இந்நிகழ்ச்சியால் குழந்தையின் தன்னம்பிக்கை வளர்வதாகப் பெற்றோரும் ஆசிரியரும் கருதுகின்றனர். இக்கருத்து ஓரளவே உண்மை. வாடகைக்கு எடுத்த உடையில் இரண்டு வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு இறங்கும் குழந்தை அடையும் பயன் சொற்பமே. பரிசும் பெரும்பாலும் குழந்தையின் திறமையைக் காட்டிலும் வாடகைத் தொகையைப் பொறுத்தே அமைகிறது எனலாம். கூலித் தொழிலாளியின் மகள் அன்று பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பாள்.

தன்மதிப்பு என்பது ஒருவர் எய்திய வெற்றிக்கும் அவர் கொண்டுள்ள எதிர்பார்ப்புக்கும் உள்ள விகிதம் என்று அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் விளக்கினார். ஒரு செயலைத் தானே செய்து முடித்த அனுபவமே தன் ஆற்றலில் நம்பிக்கையை வளர்க்கும் மிக வலுவான காரணம் என்பது ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கோட்பாடு. ஆகவே, கைதட்டலைவிட ஒத்திகைக்கே முதன்மை தரவேண்டும். பலமுறை தடுமாறிய பின் வசனத்தைப் பிழையின்றிச் சொல்லும் சிறுவன் பெறும் நம்பிக்கையைப் பாராட்டுரைகளால் மட்டும் தர இயலாது.

அப்படியாயின் வேடம் எதற்கு? கூச்சமுள்ள குழந்தைக்கு அது ஒரு திரை. தவறு நேர்ந்தால் அது அரசனின் தவறு, தன்னுடையதன்று. 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்று தரப்பட்டது. தமக்குப் பிடித்த கதைநாயகராகத் தம்மைப் பாவித்து, அதற்குரிய வேடப்பொருளையும் அணிந்த குழந்தைகளே மிக அதிக நேரம் அவ்வேலையில் நிலைத்திருந்தனர். ஆய்வு அளந்தது விடாமுயற்சியையே, தன்மதிப்பை அன்று. எனினும் வேடம் தரும் விடுதலைக்கு இது ஒரு சான்று.

இந்தியாவில் இம்முயற்சிக்கு நெடிய மரபு உண்டு. 1901இல் ஒரு சில மாணவருடன் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய தாகூர், நாடகத்தைப் பாடத்திற்குப் புறம்பானதாக ஒதுக்கவில்லை. பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கேற்ப 1908இல் 'சாரதோத்சவ்' நாடகத்தை எழுதினார். அதில் அரசன் சந்நியாசி வேடத்தில் வருகிறான். அப்பாத்திரத்தில் தாகூரே நடித்ததுண்டு. மற்றச் சிறுவர் விடுமுறையைக் கொண்டாடுகையில், மறைந்த தன் குருவின் கடனைத் தீர்க்க ஏடுகளைப் படியெடுக்கும் உபநந்தன் என்னும் சிறுவனுக்கே அந்நாடகத்தில் உயர்ந்த மதிப்பு. ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பின்னாளில் அரசு நிறுவனங்களும் இத்துறையில் ஈடுபட்டன. 1979இல் நிறுவப்பட்ட பண்பாட்டு வள, பயிற்சி மையம் பொம்மலாட்டம் உள்ளிட்ட கலைகளில் ஆசிரியருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. தேசிய நாடகப் பள்ளி 1989இல் குழந்தைகளுக்கென நாடகவழிக் கல்விக் குழுவை ஏற்படுத்தியது. 2015இல் தொடங்கிய கலா உத்சவ் மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று நிலைகளில் நடைபெறும் போட்டியாகும். போட்டியின் இயல்பே பலரை விலக்கிச் சிலரைத் தேர்வதாதலின், பின்வரிசைக் குழந்தையின் தேவை வகுப்பறையிலேயே நிறைவேற்றப்பட வேண்டும்.

பாத்திரங்களைப் பங்கிடுவதில்தான் பெருந்தீங்கு நேர்கிறது. சிவந்த நிறமுள்ள சிறுமி இளவரசி, கருத்தவள் அரக்கி, ஏழைச் சிறுவன் எப்போதும் வேலையாள். அறியாமலே செய்யப்படும் இப்பங்கீடு குழந்தையின் உள்ளத்தில் உள்ள தாழ்வுணர்வை ஊரறிய உறுதிப்படுத்திவிடும். இவ்வாறான மேடையைவிட மேடையே இல்லாதிருப்பது நலம். பாத்திரங்களை ஒத்திகையின்போது சுழற்சி முறையில் மாற்றித் தருவதற்குச் செலவு ஏதுமில்லை.

உடைக்கும் பெருஞ்செலவு வேண்டா. பழஞ்சேலை, செய்தித்தாள், அட்டை, பசை ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளே மகுடமும் முகமூடியும் செய்யலாம். பேச அஞ்சுவோர் முதலில் முகமூடியுடனும், சில வாரங்களுக்குப் பின் அது இன்றியும் பேசட்டும். செய்த பொருள்களை ஒரு பெட்டியில் பள்ளியிலேயே வைத்திருந்தால், அடுத்த ஆண்டு வகுப்புக்கும் அவை பயன்படும்.