சர்வில் கீரையை அறிதலும் பயிரிடுதலும்

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குடைக்கம்பிகளைப் போல ஓரிடத்திலிருந்து விரியும் காம்புகளில் பூக்கள் அமைவது இக்குடும்பத்தின் தலையாய அடையாளமாகும். ஆந்திரிஸ்கஸ் செரிபோலியம் என்று தாவரவியலார் வழங்கும் சர்வில் என்னும் மணக்கீரையும் இதனைச் சார்ந்ததே. பிரெஞ்சு நாட்டுச் சமையலில் இதனை முட்டை, மீன், சூப்பு ஆகியவற்றின்மேல் தூவுவர். இதன் மணம் சோம்பை நினைவூட்டும். ஆயினும் அதனினும் மிக மென்மையானது.

இது 30 முதல் 60 செ.மீ. வரை வளரும் ஓராண்டுச் செடி. இலைகள் இருமுறையோ மும்முறையோ பிரிந்து, காரட் இலையைப் போன்று, ஆனால் அதைவிட மெல்லியனவாய் இருக்கும். இவ்விலையை மட்டும் கண்டு செடியை முடிவு செய்வது பேராபத்தாகும். கோனியம் மாக்குலேட்டம் எனப்படும் ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியின் இளம் இலைகளும் ஏறக்குறைய இவ்வாறே தோன்றும். கி.மு. 399-இல் சாக்ரட்டீசுக்கு அளிக்கப்பட்ட நஞ்சு இதுவே எனக் கருதப்படுகிறது. இதிலுள்ள கோனீன் என்னும் அல்கலாய்டு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தவல்லது. ஐரோப்பாவிலிருந்து பரவிய இக்களை காஷ்மீரிலும் காணப்படுகிறது. ஆதலின் அங்குப் பணிபுரியும் ஊழியர்கள் இவ்விரண்டின் வேறுபாட்டை ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

வளர்ந்த ஹெம்லாக் ஓர் ஆள் உயரத்தையும் கடக்கும். அதன் தண்டு மயிரின்றி வழவழப்பாயும், ஊதாநிறத் திட்டுகள் உடையதாயும் இருக்கும். சர்வில் தண்டிலோ கணுக்களின் அருகே மெல்லிய மயிர் காணலாம். ஆயினும் முதலாண்டு ஹெம்லாக் தண்டு விடாது. தரையை ஒட்டிய இலைக்கொத்தாகவே நிற்கும். அப்போது தண்டின் அடையாளம் உதவாது. கசக்கிய இலையில் எலி நாற்றம் வீசும் என்பர். ஜலதோஷம் பிடித்தவருக்கு அதுவும் பயன்படாது. நம்பத்தக்க சான்று காயே. சர்வில் காய் ஏறக்குறைய 1 செ.மீ. நீளத்தில், ஒடுங்கி, நுனியில் அலகு பெற்றிருக்கும். ஹெம்லாக் காய் 3 மி.மீ. அளவில் உருண்டு, அலை போன்ற வரம்புகளுடன் விளங்கும். கைலென்ஸ் ஒன்றிருந்தால் மாணவரும் இதனை எளிதில் காண்பர். எனினும் ஐயத்திற்குரிய செடியை மாணவர் தொடாதிருக்க வேண்டும். எவரும் அதனைச் சுவைத்துப் பார்க்கலாகாது. காட்டிலிருந்து சேகரிப்பதைவிட, அறிந்த விதையை விதைத்துப் பயிராக்குவதே பாதுகாப்பான வழி.

சர்வில் குளிர்ச்சியை விரும்பும். வெப்பமும் நீண்ட பகலும் வந்தால் விரைவில் பூத்து, இலை கசக்கும். எனவே வட இந்தியச் சமவெளிகளில் அக்டோபர் வெப்பம் தணிந்த பின்னரும், மலைப்பகுதிகளில் வசந்தத்திலும் விதைக்கலாம். ஆணிவேர் உடையதாகையால் நாற்றுப் பிடுங்கி நடுதல் ஏலாது. ஈரம் காக்கும் தளர்ந்த மண்ணில் 20 செ.மீ. இடைவெளியுள்ள வரிசைகளாக விதைத்து, மிக மெல்லிதாக மண் தூவுக. இரண்டு வாரத்திற்குள் முளைவிடும். ஒரே முறையில் எல்லா விதையையும் விதைத்துவிடாமல், மூன்று வாரத்திற்கொரு முறை சிறிதளவாக விதைத்தால் தொடர்ந்து இலை கிடைக்கும். நண்பகல் வெயில் கடுமையாயின் சிறிது நிழல் தருக.

ஆறு முதல் எட்டு வாரங்களில் வெளி இலைகளைப் பறிக்கலாம். உலர்த்தினால் மணம் பெரும்பாலும் நீங்கிவிடும். நெடுநேரம் கொதித்தாலும் அவ்வாறே. அடுப்பினின்று இறக்கியபின் சேர்ப்பதே முறை. விதை ஓராண்டிற்குள் முளைக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்குமாதலால், சில செடிகளைப் பறிக்காது விட்டு ஆண்டுதோறும் புதுவிதை சேர்த்து, பெயரும் நாளும் எழுதி உலர்ந்த இடத்தில் வைத்தல் நலம்.