பழைய எஞ்சினில் ஒயில் ஒழுக்கு: இறுக்கினால் மட்டும் நிற்காது

1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனர் கார் நம் நாட்டில் இன்றும் ஓடுகிறது. இந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒயில் ஒழுக்கு. "கஸ்கெட் புதுசு, நல்லா இறுக்கியும் விட்டேன், பிறகும் ஒழுகுதே" என்பார்கள். காரணம் பெரும்பாலும் அந்த இறுக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்போம். மேல்மூடியில் கசியும் ஒயில் பின்பக்கமாக வழிந்து, கீழே சம்ப் ஒழுகுவதுபோலக் காட்டும். மேலே இருந்து கீழே தேடுவதே முறை.

மேல்மூடிக்குத் தக்கைக் கஸ்கெட். நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தகடு வளையும், தக்கை பிதுங்கும். 4 இறாத்தல்-அடி இறுக்கம் போதும். சம்ப் போல்ட்டுக்கு 6. வளைந்த விளிம்பை மட்டமான பலகையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்குங்கள். பழைய கஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். பசையை அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கும் துண்டு உடைந்துபோய் ஒயில் பம்பின் வடியை அடைக்கும். அதன்பின் பெயாரிங்தான் எரியும்.

சம்ப்பின் முன்னும் பின்னும் பள்ளத்தில் வைக்கும் தக்கைத் துண்டுகள் விளிம்பைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். வெட்டி மட்டமாக்கினால் அந்த இடத்திலேயே ஒழுகும். முன்பக்க ரைமிங் மூடியைப் பூட்டும்போது, புது சீலின் உதட்டில் ஒயில் தடவி, புலியைச் செருகி, சீல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிச் சமமாக இறுக்குங்கள்.

இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. கிராங்க் தண்டில் வெட்டிய புரியே ஒயிலை உள்ளே திருப்பும். ஆகவே ஓரிரு துளி சொட்டுவது புதுமையல்ல. ஆனால் பக்க மூடியிலிருந்து இறங்கும் காற்றுக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தக் கஸ்கெட்டும் தாங்காது. கஸ்கெட் வாங்க முன்னர் அந்தக் குழாயைக் கழுவிப் பாருங்கள். செலவே இல்லை.

வண்டிக்கடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான தாங்கி வையுங்கள். கழிவு ஒயில் தோலில் நெடுநேரம் படக்கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. கழிவு ஒயிலை வடிகானில் ஊற்றினால் மாரி மழையோடு அது நம் வாவிக்குத்தான் போகும். தண்ணீரின் மேல் படலமாய்ப் பரவி, மீனுக்கும் இறாலுக்கும் காற்றைத் தடுக்கும். அந்த வாவியை நம்பித்தான் நம் அயலவர் வலை வீசுகிறார்கள். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, கழிவு ஒயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எஞ்சினுக்குள் நிற்க வேண்டிய ஒயில் எஞ்சினுக்குள் நிற்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம்.